குறைந்த சுமையில் ப்ரொஃபைலிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரலின் வேகத்தை அளக்க ப்ரொஃபைலரைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லும்போதெல்லாம் அநேகமாக ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், போகப் போகச் சிக்கலானவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் லினக்ஸ் சார்ந்தவை. அடிப்படை எங்கும் ஒன்றுதான்.

லாக்கில் நேரத்தை அச்சிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடுமே, தனியாக ப்ரொஃபைலர் எதற்கு?

நீங்கள் எந்த இடத்தைச் சந்தேகப்பட்டீர்களோ அந்த இடத்தை மட்டும்தான் லாக் அளக்கும். சந்தேகமே வராத இடத்தில் நேரம் போனால் லாக்கில் அது தெரியாது. டேட்டாபேஸ்தான் காரணம் என்று எல்லோரும் அடித்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதே ரெகுலர் எக்ஸ்பிரஷன் புதிதாகக் கம்பைல் ஆகிக்கொண்டிருக்கும். ப்ரொஃபைலருக்கு இந்த முன்முடிவு கிடையாது. சிபியு நேரம் எந்த ஃபங்ஷனில் செலவாகிறது, அந்த ஃபங்ஷனை யார் அழைத்தார்கள் என்பதை முழு நிரலுக்கும் சேர்த்துக் காட்டும்.

"குறைந்த சுமை" என்கிறார்களே, எதைவிடக் குறைவு?

ப்ரொஃபைலர்கள் வேலை செய்யும் முறை இரண்டு. ஒரு வகை, ஒவ்வொரு ஃபங்ஷன் தொடங்கும்போதும் முடியும்போதும் குறுக்கே நின்று குறித்துக்கொள்ளும். பைத்தானோடு வரும் சி-ப்ரொஃபைல் இந்த வகை. 5 நானோ வினாடியில் முடியும் ஒரு குட்டி ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். கடிகாரத்தை ஒரு தடவை படிக்கவே பல கணினிகளில் 20 முதல் 30 நானோ வினாடி ஆகும். உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. ஆக 5 நானோ வினாடி வேலையை அளக்க 50 நானோ வினாடி செலவு. நிரல் மெதுவாவதோடு இது நிற்பதில்லை, விடையே கோணலாகிவிடுகிறது. அதிகமாக அழைக்கப்படும் சின்ன ஃபங்ஷன்கள் பூதாகரமாகத் தெரியும், உண்மையில் நேரத்தைத் தின்னும் பெரிய ஃபங்ஷன் பட்டியலில் கீழே இறங்கிவிடும்.

இன்னொரு வகை மாதிரியெடுக்கும் ப்ரொஃபைலர். குறிப்பிட்ட இடைவெளியில், ஓடும் வேலையை இடைமறிக்கும் ஒரு இன்டரப்ட் வரும். அந்தக் கணத்தில் நிரல் எங்கே நிற்கிறது, எந்த வழியாக அங்கே வந்தது என்ற ஸ்டாக்கை மட்டும் எழுதிக்கொண்டு நிரலை அதன் போக்கில் விட்டுவிடும். ஒரு மாதிரிக்கு 10 மைக்ரோ வினாடி ஆகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 99 மாதிரி என்றால் ஒரு சிபியு கோருக்கு வினாடிக்கு ஏறத்தாழ 1 மில்லி வினாடி, அதாவது 0.1 சதவீதம். நிரல் எத்தனை கோடி ஃபங்ஷனை அழைத்தாலும் இந்தச் செலவு மாறாது. நாம் எத்தனை தடவை பார்க்கிறோம் என்பதை மட்டுமே அது பொறுத்தது.

1982இல் வந்த ஜிப்ராஃப் என்ற ப்ரொஃபைலர் இரண்டும் கலந்தது. நேரத்தை மாதிரியெடுத்துக் கணக்கிடும், அழைப்புகளை எண்ணுவதற்கு மட்டும் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் கம்பைலர் வழியாகக் கூடுதல் நிரல் வரிகளைச் சேர்க்கும். மாதிரியெடுப்பை மட்டும் நம்பி, இயங்கும் கணினியைத் தொடர்ந்து கவனிக்க முடியும் என்று அழுத்தமாகக் காட்டியது, ஆல்ஃபா கணினிகளுக்காக டிஜிட்டல் நிறுவனம் 1997இல் வெளியிட்ட டிசிபிஐ என்ற ப்ரொஃபைலர். அதன் சுமை பொதுவாக 1 முதல் 3 சதவீதம்.

வினாடிக்கு 99 தடவை எட்டிப் பார்த்தால் போதுமா? இடையில் நடப்பதெல்லாம் தப்பிவிடாதா?

தப்பும். தப்பினாலும் பரவாயில்லை. நமக்கு வேண்டியது ஒவ்வொரு நிகழ்வின் பதிவு அல்ல, நேரம் எந்த விகிதத்தில் பிரிகிறது என்பதுதான். முழுநேரமும் ஓடும் ஒரு கோரை 30 வினாடி கவனித்தால் 2,970 மாதிரி கிடைக்கும். 5 சதவீத நேரம் எடுக்கும் ஃபங்ஷன் அதில் 150 மாதிரி அளவில் வரும். புள்ளியியல்படி இதன் பிழை ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளி. உண்மை மதிப்பு 4.2க்கும் 5.8க்கும் நடுவே இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். எதைச் சரிசெய்வது என்று முடிவெடுக்க இந்தத் துல்லியம் தாராளம்.

வெறும் 15 மாதிரியில் வந்த 0.5 சதவீத ஃபங்ஷன் விஷயம் வேறு. அதே அளவீட்டை மறுபடி எடுத்தால் அது 8 ஆகவும் வரலாம், 22 ஆகவும் வரலாம். அந்த மட்டத்தில் இருக்கும் இரண்டு ஃபங்ஷன்களை ஒப்பிட்டு "இதுதான் மோசம்" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. துல்லியம் வேண்டுமானால் அதிக நேரம் ஓடவிடுங்கள். பிழை பாதியாக மாதிரி நான்கு மடங்கு வேண்டும்.

மாதிரியெடுப்பால் பிடிக்கவே முடியாத ஒன்றும் உண்டு. மணிக்கு ஒரு தடவை 200 மில்லி வினாடி திணறும் நிரலில் அந்தத் திணறலுக்கு 20 மாதிரிதான் விழும். ஒரு மணி நேரத்தில் சேரும் 3,56,400 மாதிரிகளில் அது கரைந்துவிடும். அரிதாக வரும் தாமதங்களைப் பிடிக்க, ஒவ்வொரு நிகழ்வையும் பதியும் ட்ரேசிங் வேண்டும், ப்ரொஃபைலர் உதவாது.

அது ஏன் 99? ஒழுங்காக 100 என்று வைத்தால் என்ன?

நிரலிலும் கெர்னலிலும் 10 மில்லி வினாடிக்கு ஒரு தடவை, 100 மில்லி வினாடிக்கு ஒரு தடவை என்று ஒழுங்காக ஓடும் வேலைகள் நிறைய இருக்கும். நாமும் அதே தாளத்தில் பார்த்தால், அந்த வேலை எப்போதும் கண்ணில் படும், அல்லது ஒருபோதும் படாது. 99 வைத்தால் இரண்டும் மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போகும், எல்லாக் கட்டமும் நியாயமாகப் பதிவாகும். அவ்வளவுதான், 97 வைத்தாலும் சரிதான்.

எந்தக் கருவியை எடுப்பது? பெயர்களைக் கேட்டாலே தலை சுற்றுகிறது.

சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட் என்றால் லினக்ஸ் கெர்னலோடு வரும் பெர்ஃப். 2009இல் 2.6.31 பதிப்பில் சேர்ந்தது. சொல்லாமல் விட்டால் அது 99ஐவிடப் பல மடங்கு அதிகமாக மாதிரியெடுக்கும், அதனால் எண்ணிக்கையை நீங்களே கொடுத்துவிடுங்கள். கோ மொழியில் வெளியே தேடவே வேண்டாம், ரன்டைமிலேயே வினாடிக்கு 100 மாதிரி எடுக்கும் ப்ரொஃபைலர் இருக்கிறது. ஜாவாவுக்கு ஃபிளைட் ரெக்கார்டர், அல்லது ஏசிங்க்-ப்ரொஃபைலர். முன்னது 2018இல் ஜேடிகே 11இலிருந்து எல்லோருக்கும் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. இயல்பு அமைப்பில் சுமை 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதே அதன் வடிவமைப்பு இலக்கு. பைத்தானுக்கு பை-ஸ்பை. நிரலுக்குள் எதையும் சேர்க்காமல் வெளியிலிருந்தே அதன் நினைவகத்தைப் படித்துவிடும்.

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். உங்கள் மொழியின் ரன்டைமை அறிந்த, மாதிரியெடுக்கும் கருவி எதுவானாலும் முதல் பெரிய பிரச்சினையைக் காட்டிவிடும்.

புரொடக்‌ஷன் சர்வரில் ஓட்டலாமா? எங்கள் மேலாளர் பயப்படுகிறார்.

ஓட்டலாம் என்பது மட்டுமல்ல, அங்கேதான் ஓட்ட வேண்டும். சோதனைக் கணினியில் தரவு சின்னது, கேஷில் (அடிக்கடி வேண்டிய தரவை வைத்திருக்கும் வேக நினைவகம்) வேண்டியது எப்போதும் தயாராக இருக்கும், நூறு பேர் ஒரே நேரத்தில் ஒரே பூட்டுக்காக (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் lock) முட்டிக்கொள்ள மாட்டார்கள். அங்கே எடுத்த ப்ரொஃபைல் சோதனைக் கணினியின் பிரச்சினையைத்தான் சொல்லும்.

பயத்தைப் போக்க வாதம் செய்வதைவிட அளந்து காட்டுங்கள். ஒரே மாதிரியான இரண்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் ப்ரொஃபைலரை ஓட்டி, கொஞ்ச நேரம் கழித்து மற்றதற்கு மாற்றுங்கள். சராசரி வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். நூற்றில் மிக மெதுவான ஒரு கோரிக்கைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் பாருங்கள். சராசரி அசையாமல் இருக்கும்போதே அது ஏறலாம். பை-ஸ்பை இயல்பில் ஒவ்வொரு மாதிரிக்கும் நிரலை ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் படிக்கும். நிறுத்தாமல் படிக்கும் விருப்பமும் இருக்கிறது, அதில் சில மாதிரிகள் பிசகலாம். தாமதம் முக்கியமான சேவையில் எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஃபிளேம் கிராஃப் படம் வந்துவிட்டது. இதில் எதைப் பார்ப்பது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிடுங்கள்: இடமிருந்து வலம் போவது காலம் இல்லை. 2011இல் பிரெண்டன் கிரெக் உருவாக்கிய இந்தப் படத்தில் பெட்டிகள் பக்கவாட்டில் அகரவரிசையில்தான் அடுக்கப்படுகின்றன. அகலம் மட்டுமே அளவு. ஒரு ஃபங்ஷன் எத்தனை மாதிரிகளின் ஸ்டாக்கில் இருந்ததோ அந்த அளவுக்கு அதன் பெட்டி அகலம். கீழே இருப்பது அழைத்தது, மேலே இருப்பது அழைக்கப்பட்டது. சில கருவிகள் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காட்டும்.

கோரிக்கையைக் கையாளும் ஃபங்ஷன் 90 சதவீத அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், சர்வரின் வேலையே அதுதான். அதன் மேலே 35 சதவீதத்தில் ஜேசன் எழுதும் ஃபங்ஷன், அதற்கு மேலே 28 சதவீதத்தில் தேதியைச் சரமாக மாற்றும் ஃபங்ஷன், அதன் உச்சியில் 22 சதவீத அகலத்துக்குத் தட்டையாக ஒரு பெட்டி: நேர மண்டலத் தகவலைத் தேடும் ஃபங்ஷன். கண் நிற்க வேண்டிய இடம் அந்தத் தட்டையான உச்சி. சிபியு நேரடியாக அங்கேதான் இருக்கிறது. ஆனால் சரிசெய்யும் இடம் பெரும்பாலும் கீழேதான் கிடைக்கும். நேர மண்டலத்தை வேகமாகத் தேடுவது எப்படி என்று கேட்காமல், ஒவ்வொரு வரிசைக்கும் அதை ஏன் புதிதாகத் தேடுகிறோம் என்று கேட்டபடி ஒவ்வொரு படியாக இறங்கி வாருங்கள். பலன் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் படத்தில் பாதிப் பெட்டிகள் "அன்நோன்" என்று வருகின்றன. ஸ்டாக்கும் இரண்டு அடுக்கோடு நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். பெயர் தெரியவில்லை என்றால், ஃபங்ஷன்களின் பெயர்களைச் சொல்லும் சிம்பல் தகவல் நீக்கப்பட்டிருக்கிறது. அல்லது இயந்திரக் கட்டளைகள் நிரல் ஓடும்போதே உருவாக்கப்படுகின்றன. நோட்.ஜேஎஸ், பைத்தான் போன்றவற்றில் பெர்ஃபுக்கு உதவும் பெயர்ப் பட்டியலை எழுதச் சொல்லும் விருப்பம் இருக்கிறது. பைத்தானில் 3.12இலிருந்து கிடைக்கிறது.

ஸ்டாக் பாதியில் நின்றால், அழைத்த ஃபங்ஷனுக்குத் திரும்பிப் போக வழி காட்டும் ஃபிரேம் பாயிண்டர் பெரும்பாலும் இல்லை என்று அர்த்தம். சிபியுவில் ஒரு ரெஜிஸ்டர் மிச்சமாகும் என்பதற்காகக் கம்பைலர்கள் அதை நீக்கிவிடுகின்றன. ஜிசிசியில் அதை நீக்காதே என்று சொல்லி மறுபடி கம்பைல் செய்வதே நல்ல வழி. இந்தத் தொல்லையைப் பார்த்துத்தான் ஃபெடோரா 2023இல் 38ஆம் பதிப்பிலும், உபுண்டு 24.04 பதிப்பிலும் தங்கள் பொதிகளை ஃபிரேம் பாயிண்டரோடு கம்பைல் செய்யத் தொடங்கினார்கள். மிக நல்ல முடிவு என்பது என் கருத்து. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து, எங்கே வேகம் போகிறது என்று பார்க்கும் கண்ணைப் பெறுகிறோம்.

மறுபடி கம்பைல் செய்ய வழியில்லை என்றால் டுவார்ஃப் எனப்படும் பிழைதிருத்தத் தகவலை வைத்து ஸ்டாக்கைக் கட்டச் சொல்லலாம். ஆனால் அப்போது பெர்ஃப் ஒவ்வொரு மாதிரிக்கும் இயல்பாக 8 கேபி ஸ்டாக்கை நகலெடுக்கும். முழுவேகத்தில் ஓடும் 64 கோர் கணினியில் வினாடிக்கு 99 மாதிரி என்றால் வினாடிக்கு 50 எம்பிக்கு மேல். மேலே சொன்ன 0.1 சதவீதக் கணக்கெல்லாம் இங்கே செல்லாது.

டாக்கருக்குள் பெர்ஃபை ஓட்டினால் அனுமதி இல்லை என்கிறதே?

பெர்ஃப் கெர்னலிடம் விடுக்கும் அழைப்பை (system call) டாக்கரின் இயல்பான பாதுகாப்பு வடிகட்டி தடுக்கிறது. டாக்கருக்கு வெளியே, ஹோஸ்ட் கணினியிலிருந்து ஓட்டுவது எளிது. உள்ளிருந்தே ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், லினக்ஸ் 5.8இலிருந்து செயல்திறன் கண்காணிப்புக்கென்றே கேப் பெர்ஃப்மான் என்ற தனி உரிமை இருக்கிறது. அதை மட்டும் கொடுங்கள். முழு ரூட் உரிமையைக் கொடுக்காதீர்கள்.

கோரிக்கைக்கு 2 வினாடி ஆகிறது, ஆனால் ப்ரொஃபைலரில் சிபியு சும்மா இருக்கிறது. ப்ரொஃபைலர் பொய் சொல்கிறதா?

இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது. சிபியு ப்ரொஃபைலர் ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டை (நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை) மட்டுமே பார்க்கும். நெட்வொர்க் பதிலுக்கோ, டிஸ்குக்கோ, பூட்டுக்கோ காத்துக்கிடக்கும் த்ரெட் அதன் கண்ணில் படாது. உங்கள் 2 வினாடியில் 1.9 வினாடி காத்திருப்பு என்றால் படம் மீதி 0.1 வினாடியைப் பற்றித்தான் பேசும்.

அதனால் முதலில் கோரிக்கையின் மொத்த நேரத்தையும் அது எடுத்த சிபியு நேரத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் நெருங்கியிருந்தால் சிபியு ப்ரொஃபைல். இடைவெளி பெரிதாக இருந்தால் காத்திருப்பையும் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு மாற வேண்டும். ஏசிங்க்-ப்ரொஃபைலரில் சுவர்க்கடிகார நேரத்தைப் பார்க்கும் முறை உண்டு. பை-ஸ்பையில் சும்மா இருக்கும் த்ரெட்டுகளையும் சேர்க்கச் சொல்லலாம். கோ மொழியில் பூட்டுக்கும் காத்திருப்புக்கும் தனித்தனி ப்ரொஃபைல்கள் இருக்கின்றன. கெர்னலில் த்ரெட் மாறும் ஒவ்வொரு தடவையும் பதியும் வழியும் இருக்கிறது. ஆனால் அது மாதிரியெடுப்பு அல்ல. பரபரப்பான சர்வரில் த்ரெட் மாற்றங்கள் வினாடிக்கு லட்சக்கணக்கில் நடக்கும், சுமையும் அதோடு சேர்ந்து ஏறும். சில வினாடிகளுக்கு மட்டும் ஓட்டுங்கள்.

இரண்டு ப்ரொஃபைலர்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. எதை நம்புவது?

சின்ன வித்தியாசம் என்றால் மாதிரி எண்ணிக்கை பற்றி முன்பு சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். முதலிடத்தில் இருக்கும் ஃபங்ஷனே வேறாக இருந்தால் காரணம் ஆழமானது. ஜாவாவில் இது நன்கு தெரிந்த கதை. 2010இல் நிரலாக்க மொழிகளுக்கான பிஎல்டிஐ மாநாட்டில் வந்த ஓர் ஆய்வு, பரவலாகப் பயன்பட்ட நான்கு ஜாவா ப்ரொஃபைலர்கள் ஒரே நிரலுக்கு வெவ்வேறு ஃபங்ஷன்களைக் குற்றம் சாட்டுவதைக் காட்டியது. அவை, த்ரெட்டைப் பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய சேஃப்பாயிண்ட் எனப்படும் இடங்களில் மட்டுமே ஸ்டாக்கைப் படித்தன. த்ரெட் அந்த இடத்தை அடையும் வரை காத்திருந்து படித்தால், வேலை நடந்த இடம் ஒன்று, பதிவாகும் இடம் வேறொன்று.

மாதிரிகள் எந்தக் கணத்திலும் விழும் வாய்ப்பு சமமாக இருந்தால்தான் விகிதம் உண்மையாக இருக்கும். இந்த நிபந்தனையை எந்தக் கருவி காக்கிறதோ அதை நம்புங்கள். ஏசிங்க்-ப்ரொஃபைலர் உருவானதன் நோக்கமே இந்தச் சாய்வைத் தவிர்ப்பதுதான்.

வரி வரியாகப் பார்த்தால் ஒரு சாதாரணக் கூட்டலுக்கு 30 சதவீதம் காட்டுகிறது. அது எப்படி?

அந்தக் கூட்டல் பாவம், பழி அதன் மேல் விழுந்திருக்கிறது. இன்டரப்ட் வந்ததும் சிபியு அதே கட்டளையில் நிற்காது, சில கட்டளைகள் தள்ளித்தான் நிற்கும். பெரும்பாலும் அதற்கு முந்தைய வரியில் நினைவகத்திலிருந்து ஒரு மதிப்பைப் படிக்கும் கட்டளை இருக்கும். அது கேஷில் கிடைக்காமல் நூற்றுக்கணக்கான சிபியு சுழற்சிகள் காத்திருந்திருக்கும். இன்டெலில் பெப்ஸ், ஏஎம்டியில் ஐபிஎஸ் என்ற வன்பொருள் வசதிகள் இந்தச் சறுக்கலைப் பெருமளவு குறைக்கும். விர்ச்சுவல் மெஷினில் இவை கிடைக்காமல் போகலாம். அங்கே ஃபங்ஷன் மட்டத்தோடு நின்றுகொள்ளுங்கள், வரி மட்டத்தை நம்ப வேண்டாம்.

20 சதவீதம் எடுத்த ஃபங்ஷனை இரண்டு மடங்கு வேகமாக்கினேன். நிரல் கொஞ்சம்கூட வேகமாகவில்லையே?

ஒரே த்ரெட் நிரல் என்றால் அதிகபட்சம் 10 சதவீத நேரம்தான் மிச்சமாகும். அது அன்றாட ஏற்ற இறக்கத்தில் மறைந்துபோயிருக்கலாம். இன்னொன்று, அந்த ஃபங்ஷன் தரவைக் கேஷுக்குக் கொண்டுவரும் முதல் ஆளாக இருந்திருக்கலாம். நீங்கள் அந்தப் படிப்பை நீக்கியதும் கேஷ் தவறும் செலவு அடுத்த ஃபங்ஷனுக்கு இடம் மாறியிருக்கும். புதிய ப்ரொஃபைல் எடுத்தால் தெரிந்துவிடும்.

பல த்ரெட் நிரல் என்றால், எல்லோரும் காத்திருக்கும் பாதையில் அந்த ஃபங்ஷன் இல்லாமல் இருந்திருக்கலாம். சீக்கிரம் முடித்த த்ரெட் மற்றவற்றுக்காகக் காத்து நிற்கும், அவ்வளவுதான். எதை வேகமாக்கினால் மொத்தமும் வேகமாகும் என்பதை நேரடியாகக் கண்டுபிடிக்க முயல்வது 2015இல் வந்த காஸ் என்ற ப்ரொஃபைலர். ஒரு வரியை வேகமாக்குவதற்குப் பதிலாக, அந்த வரி ஓடும்போதெல்லாம் மற்ற த்ரெட்டுகளைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, விளைவு எப்படி இருக்கும் என்று அளக்கிறது. மிக அழகான யோசனை.

மெமரிக்கும் இதே மாதிரி மாதிரியெடுக்க முடியுமா?

முடியும். கடிகாரத்துக்குப் பதிலாக ஒதுக்கப்பட்ட பைட்டுகளை வைத்து மாதிரியெடுப்பார்கள். கோ ரன்டைம் இயல்பாகச் சராசரியாக 512 கேபி ஒதுக்கலுக்கு ஒரு மாதிரி எடுக்கிறது. எப்போதாவது நடக்கும் சின்ன ஒதுக்கல்கள் விடுபடலாம், மொத்த அளவில் பெரிதாக எது தின்கிறது என்பது தப்பாது.

எப்போதும் ஓடவிட்டு, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சதவீதத்தை ஒப்பிட்டால் போதுமா?

எப்போதும் ஓடவிடுவது நல்ல பழக்கம். கூகிள் தன் சர்வர்கள் முழுவதிலும் இப்படிச் செய்வதை 2010இல் எழுதி வெளியிட்டது. ஒவ்வொரு கணினியிலும் எப்போதும் அல்ல, மாறி மாறிச் சில கணினிகளில் சில நேரம் எடுத்துச் சேர்ப்பார்கள். இப்படிச் சேர்ந்த ப்ரொஃபைல்கள் கம்பைலருக்கும் பயன்படும். கோ 1.21இலிருந்து அவற்றைக் கொடுத்துக் கம்பைல் செய்தால் எந்த ஃபங்ஷனை இன்லைன் செய்வது (அழைத்த இடத்திலேயே பதித்துவிடுவது) என்பதைக் கம்பைலர் அவற்றை வைத்து முடிவு செய்கிறது.

ஆனால் சதவீதத்தை ஒப்பிடாதீர்கள். முன்பு 1,000 கோரிக்கைக்கு 10 சிபியு வினாடி, அதில் பார்சர் (வரும் தரவைப் பிரித்துப் படிக்கும் பகுதி) 30 சதவீதம். புதிய பதிப்பில் பார்சர் 20 சதவீதம். முன்னேற்றம் போலத் தெரிகிறது. ஆனால் புதிய பதிப்பில் 1,000 கோரிக்கைக்கு 15 சிபியு வினாடி ஆகிறது என்றால்? அன்றும் 3 வினாடி, இன்றும் 3 வினாடி. பார்சர் இம்மியும் மாறவில்லை, வேறெங்கோ 5 வினாடி கூடியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஃபங்ஷனின் பங்கையும் மொத்த சிபியு வினாடியால் பெருக்கி, கோரிக்கைகளின் எண்ணிக்கையால் வகுத்து, அந்த எண்ணை ஒப்பிடுங்கள். போக்குவரத்து ஒரே மாதிரி இருக்கும் நேரங்களில் எடுத்த ப்ரொஃபைல்களை மட்டும் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் மாதிரிப் பிழையைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் காரணம் தேடத் தொடங்குங்கள்.